திகதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்

தேசிய மென்பொருள் பிரதி அதிகாரசபையில் வேலை நாட்களில் காலை ஒன்பது ஐந்துக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். தேசிய கீதத்துக்கு அல்ல, அது திங்கட்கிழமைகளில் மட்டும்தான். வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஐம்பத்தைந்து அங்குல டிவியில் ஒரு பச்சை வட்டம் வரும். அதன் கீழே மூன்று மொழிகளிலும் "இன்றைய திகதிவரை இற்றைப்படுத்தப்பட்டுள்ளது" என்று எழுத்து ஓடும். பார்த்ததற்குச் சாட்சியாக மூன்று பேர் ஒரு தடித்த பதிவேட்டில் கையெழுத்து வைப்பார்கள். முதலில் தொழில்நுட்ப உதவியாளன் புஷ்பராஜ், பிறகு நிர்வாக உத்தியோகத்தர் துஷ்யந்தி, கடைசியாகப் பணிப்பாளர் கிருஷ்ணராஜ். பணிப்பாளரின் பேனாவில் மட்டும் பச்சை மை. அதோடு அன்றைய நாளின் முக்கிய வேலை முடிந்தது. மிச்சமெல்லாம் தேத்தண்ணிக்குப் பிறகு.

இந்த அதிகாரசபை என்னதான் செய்கிறது என்று ஜிந்துப்பிட்டி வீட்டில் புஷ்பராஜின் மனைவி சுபாஷினி ஒருநாள் கேட்டாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் கேட்டாள், பாவம்.

"வெளிநாட்டுல கொஞ்சப் பேரு கொம்பியூட்டருக்கு வேணும்கிற மென்பொருள சும்மாவே குடுக்குறாங்க. எல்லாரும் அங்க போயி எடுத்தா ரொம்ப நேரம் எடுக்கும். அதனால நாங்க ஒரு நகல் எடுத்து இங்கயே வச்சிருக்கோம். மிரர்னு பேரு. நம்ம ஆளுங்க நம்மகிட்டயே எறக்கிக்கலாம்" என்றான் புஷ்பராஜ்.

"அங்க உள்ளவங்க எதாவது மாத்துனாங்கன்னா?"

"மாத்துவாங்க. தெனம் மாத்துவாங்க. கள்ளப் பயலுக உள்ள பூந்துட்டுப் போற ஓட்டையெல்லாம் கண்டுபிடிச்சி அடைப்பாங்க. அப்ப நாங்களும் புதுசு எடுத்து வைக்கணும்."

"எடுத்து வைக்கிறீங்கதானே?"

புஷ்பராஜ் இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றச் சொன்னான்.

எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், போன ஒக்டோபர் வரைக்கும். அந்த மாதம் நிர்வாகப் பிரிவு இன்டர்நெட் இணைப்பை மாற்றியது. மூன்று கம்பனிகளிடம் விலை கேட்டு, கேட்டதில் குறைந்ததை எடுத்தார்கள். ஒரு குடும்பத்தில் நாலு பேர் நாடகம் பார்ப்பதற்கென்று விற்கிற பெக்கேஜ் அது. மாதத்தில் ஒன்பதாம் திகதியோடு டேட்டா தீர்ந்து, பிறகு இணைப்பு ஆமை வேகத்தில் ஊரும். மிரரை முழுதாகப் புதுப்பிக்க அதைப்போல முப்பது மடங்கு வேண்டும். புஷ்பராஜ் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி தொடங்குவான், ஒன்பதாம் திகதி பாதியில் நிற்கும், பாதியில் நின்றதைக் கொம்பியூட்டர் வீசிவிடும். இதை அவன் துஷ்யந்தியிடம் சொன்னபோது, மிச்சம் பிடித்த தொகைக்காக அந்தப் பிரிவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்துவிட்டதாகவும், இனிமேல் அதை மாற்றினால் பாராட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்றும் அவர் சொன்னார்.

அந்தக் காலத்தில் டிவியில் இருந்த வட்டம் நேர்மையான வட்டம். அது எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலுள்ள தாய் சேர்வரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதில் ஒரே ஒரு வரி, இன்றைய திகதி. மிரர்க்காரர்கள் எல்லாச் சாமானையும் இறக்கி முடித்தபின் கடைசியாகத்தான் அந்தக் கோப்பை எடுக்க வேண்டும். லொறியில் வந்த மூட்டையெல்லாம் இறங்கி எண்ணி முடிந்த பிறகுதானே கடைக்காரர் துண்டில் கையெழுத்து வைப்பார், அதே மாதிரி. சாமான் வரவில்லையென்றால் திகதியும் வராது. திகதி பழசாகிப் போனால் வட்டம் சிவக்கும். அந்த நவம்பரில் வட்டம் கொவ்வைப்பழம் போலச் சிவந்து நின்றது.

அப்போதுதான் அமைச்சின் செயலாளர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. பணிப்பாளர் கிருஷ்ணராஜ் வரவேற்பறையில் நின்று டிவியைப் பார்த்தார்.

"என்ன புஷ்பராஜ், உது ஏன் சிவப்பா நிக்குது?"

"டேட்டா முடிஞ்சிருச்சு சேர். சாமான் வரல. அதனால திகதியும் வரல."

"நாளைக்குச் செயலாளர் வாறார். அவருக்கு முன்னால சிவப்பைக் காட்டச் சொல்லுறீரோ?"

"நான் சொல்லல சேர். கொம்பியூட்டர்தான் காட்டுது."

பணிப்பாளர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது கழுத்துப்பட்டியைத் தடவுவார். "அந்தத் திகதிக் கோப்பு எவ்வளவு பெரிசு?"

"அது தம்மாத்துண்டு சேர். ஒரு வரி."

"ஒரு வரியை எடுக்க டேட்டா காணாதோ? அதை முதல்ல எடும். சாமானைப் பிறகு பாத்துக்கொள்ளலாம்."

புஷ்பராஜுக்கு அது பிழையென்று தெரியும். தெரிந்தும், ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தான். கடைசியில் இருந்த வரியைத் தூக்கி முதலில் போட்டான். பொத்தான் தட்டி முடிக்கப் பத்து விநாடி கூட எடுக்கவில்லை. வட்டம் பச்சையானது. மறுநாள் செயலாளர் வந்தார், குத்துவிளக்கு ஏற்றினார், பாற்சோறு சாப்பிட்டார், டிவியைப் பார்த்து "நியமய்!" என்று சிங்களத்தில் பாராட்டினார். போகும்போது புஷ்பராஜின் தோளிலும் இரண்டு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டுக்குப் புஷ்பராஜின் முகம் மலர்ந்தது, அதைத்தான் அவனால் பின்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த நாள் வரியைப் பழைய இடத்துக்கு மாற்றப் போனான். "பொறும்" என்றார் பணிப்பாளர். "இப்ப மாத்தினா திரும்பச் சிவக்கும். நேற்றுப் பச்சையா இருந்தது இண்டைக்கு ஏன் சிவந்ததெண்டு கேட்பினம். பச்சைக்கு விளக்கம் தேவையில்லை. சிவப்புக்குத்தான் விளக்கம் எழுத வேணும். யார் எழுதுறது?"

யாரும் எழுதவில்லை. திகதி மட்டும் ஒவ்வொரு நாளும் கடல் கடந்து தவறாமல் வந்து சேர்ந்தது, சாமான் இல்லாமல், தனியாக. புஷ்பராஜ் ஜனவரியில் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினான். "பார்த்தேன்" என்று பச்சை மையில் எழுதித் திரும்பி வந்தது. மார்ச்சில் இன்னொன்று அனுப்பினான். அதில் "முன்னைய குறிப்பைப் பார்க்க" என்று இருந்தது.

இதுவரைக்கும் நடந்தது சின்ன விஷயம் என்று சொல்லும்படி ஏப்ரல் மாதம் வந்தது. கணக்காய்விலிருந்து ஒரு விசாரணைக் கடிதம். வெசாக், பொசன் உட்படப் போன வருடத்துப் பௌர்ணமிப் போயா நாட்கள் பலவற்றிலும் திகதி இற்றைப்படுத்தப்பட்டிருப்பதாகக் கொம்பியூட்டர்ப் பதிவு காட்டுகிறது. பொது விடுமுறை நாளில் வேலை செய்த உத்தியோகத்தர் யார்? அவருக்கு மேலதிக நேர அனுமதி கொடுத்தது யார்?

"ஒருத்தரும் வேல செய்யல. அது தானா வந்துச்சு" என்றான் புஷ்பராஜ்.

"தானா வந்ததெண்டு எழுத ஏலாது" என்றார் துஷ்யந்தி. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் இருபத்திரண்டு வருடச் சேவை. "அரசாங்கக் கந்தோரில ஒண்டும் தானா வராது. வந்தா அது முறைகேடு."

ஆகவே சுற்றறிக்கை ஒன்று பிறந்தது. விடுமுறை நாட்களில் திகதி வரக்கூடாது. அப்படியானால் அன்றைக்கு வட்டம் சிவக்குமே? அதற்கும் சுற்றறிக்கையில் வழி இருந்தது. விடுமுறைக்குரிய திகதியை முதல்நாளே அலுவலக நேரத்துக்குள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"நாளைக்குத் திகதிய இன்னிக்கு எங்க போயி எடுக்குறது சேர்? தாய் சேர்வர்லயே இன்னும் நாளைக்கு வரலையே."

"அப்ப நீர் எழுதும்" என்றார் பணிப்பாளர். "நாளைக்கு என்ன திகதியெண்டு உமக்குத் தெரியுந்தானே? கலண்டர் வேணுமோ?"

அன்றிலிருந்து திகதியை எடுக்கவும் தேவையில்லாமல் போயிற்று. புஷ்பராஜ் கையாலேயே தட்டினான். அவன் பதவியின் பெயரும் கடிதத்தில் மாறியது. தொழில்நுட்ப உதவியாளர் (திகதி). சித்திரைப் புத்தாண்டு வந்தபோது வார இறுதியும் சேர்ந்து ஆறு நாள் லீவு. ஆறு நாளையும் ஒரேயடியாக முன்னால் தள்ளிவிட்டுப் பலகாரம் சாப்பிடப் போனான்.

லீவு முடிந்து வந்தபோது வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்து கிடந்தது. உலகத்திலுள்ள மிரர்களையெல்லாம் சரிபார்க்கும் யாரோ ஒரு நல்ல மனுஷன் எழுதியிருந்தார். "உங்கள் மிரர் எங்களைவிட ஆறு நாட்கள் முன்னால் நிற்கிறது. தயவுசெய்து கவனிக்கவும்."

புஷ்பராஜுக்கு அப்பாடா என்றிருந்தது. இனிமேல் மறைக்க முடியாது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்து அதை அச்செடுத்துக்கொண்டு பணிப்பாளரிடம் போனான். அவர் இரண்டு தடவை வாசித்தார். எழுந்து நின்றார். புஷ்பராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கடிதம் மொழிபெயர்க்கப்பட்டு, சட்டம் போட்டு, டிவிக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. மே மாதத்தில் தேசிய இற்றைநிலை வாரம் கொண்டாடினார்கள். பணிப்பாளர் அங்கே பேசியதை அதிகாரசபையின் மலரில் யாரும் வாசிக்கலாம்:

"ஒரு காலத்தில் நாங்கள் உலகத்துக்குப் பின்னால் நின்றோம். பிறகு உலகத்தோடு நின்றோம். இன்று, வெளிநாட்டவரே எழுத்தில் ஒப்புக்கொண்டபடி, ஆறு நாட்கள் முன்னால் நிற்கிறோம். மூலத்தைவிடப் புதிய பிரதி வைத்திருக்கும் நாடு வேறு எது? சிலர் கேட்கிறார்கள், பிரதிக்குள்ளே என்ன இருக்கிறதென்று. அன்பானவர்களே, உள்ளே பார்ப்பது சந்தேகப்படுபவர்களின் வேலை. எங்கள் வேலை நம்பிக்கையைக் கட்டியெழுப்புவது!"

கைதட்டல் நீண்ட நேரம் இருந்தது. புஷ்பராஜுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூச்சப்பட்டுக் கந்தோர் அலுமாரியில் கோப்புகளுக்குப் பின்னால் செருகி வைத்தான்.

இவ்வளவு கூத்திலும் இந்த மிரரை மெய்யாகவே பாவிக்கிற ஆள் யாராவது உண்டா என்று கேட்டால், உண்டு. வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கையில் யதுஷா என்றொரு பிள்ளை கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தாள். இருபத்தேழு வயது. பழைய கொம்பியூட்டர்களை வாங்கித் துடைத்து, இலவச மென்பொருள் போட்டு, சுற்றியுள்ள ரியூசன் வகுப்புகளுக்குக் கொடுப்பாள். ரியூசன் வகுப்புக்கு வெள்ளவத்தையில் பஞ்சமா என்ன? கடை நன்றாகவே ஓடியது. அதிகாரசபையின் பொதுமக்கள் தொலைபேசிக்கு எடுக்கிற ஒரே பொதுமகள் அவள்தான். போனை எடுப்பது புஷ்பராஜ். முகம் பார்க்காமலே அண்ணா, தங்கச்சி என்று பழகிவிட்டார்கள்.

ஜூன் பதினாலாம் திகதியும் எடுத்தாள்.

"அண்ணா, ஜெயகுமார் சேரின்ர கெமிஸ்ட்ரி கிளாஸுக்குப் பன்னிரண்டு கொம்பியூட்டர் போடுறன். பெரிய இடம். உங்கட மிரரில இருந்து எடுக்கட்டோ, இல்லாட்டி சிங்கப்பூரில இருந்து எடுக்கட்டோ? அதெண்டால் ரெண்டு நாள் போகும், அதான் கேட்கிறன்."

புஷ்பராஜ் டிவியைப் பார்த்தான். பணிப்பாளரின் அறைக் கதவு திறந்திருந்தது.

"பச்சையாதானே தங்கச்சி காட்டுது" என்றான்.

"ஓம், உங்கட வெப்சைட்டில பாத்தனான். எண்டாலும் உங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. சரி, வைக்கிறன் அண்ணா."

அவன் பொய் சொல்லவில்லை. பச்சையாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு இதைத் தனக்குத்தானே நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தான், ஒரு தரமும் ஒட்டவில்லை. திரும்பக் கூப்பிட்டு "சிங்கப்பூர்லயே எடுங்க" என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். தேத்தண்ணி வந்தது, குடித்தான்.

மூன்று கிழமை கழித்து ஜெயகுமார் மாஸ்டரின் பன்னிரண்டு கொம்பியூட்டரும் ஒரே காலையில் பூட்டிக்கொண்டன. மாணவர்களின் பெயர், புள்ளிகள், நாலு வருடமாக அவர் எழுதிச் சேர்த்த மாதிரி வினாத்தாள் எல்லாம் கள்ளர் கையில். அவர்கள் புகுந்த ஓட்டையை உலகம் முழுதும் பெப்ரவரியிலேயே அடைத்துவிட்டார்கள். யதுஷா போட்டுக் கொடுத்ததில் அது திறந்தே கிடந்தது.

மாஸ்டர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். பழைய குப்பையை என் தலையில் கட்டிவிட்டாய் என்றார். வெள்ளவத்தையில் ஒரு ரியூசன்காரருக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி. யதுஷா அழவில்லை. "சேர், நான் திகதி பாத்து, போன் பண்ணிக் கேட்டுத்தான் எடுத்தனான். அவையளிட்ட எழுத்தில கேட்டு வாங்கித் தாறன்" என்றாள். அவரும் ஒரு கிழமை தவணை கொடுத்தார். மிரர்க்காரர் தங்கள் பிழை என்று எழுதித் தந்தால் அவள் பேர் தப்பும். இல்லையென்றால் ஒரு கிளாஸும் அவள் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காது.

அவளுடைய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஜூன் பதினாலாம் திகதி உங்களிடம் இருந்த மென்பொருள் எந்த நாளில் எடுக்கப்பட்டது?

அந்தக் கேள்விக்காக இற்றைநிலை உறுதிப்படுத்தும் குழு கூடியது. குழு என்றால் அதே மூன்று பேர்தான், ஆனால் மேசையில் போத்தல் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

புஷ்பராஜ் இந்த முறை வாயைத் திறந்தான். ராத்திரியெல்லாம் படுக்கையில் சொல்லிப் பழகிய வசனம். "சேர், அந்தச் சாமான் போன ஒக்டோபர்ல எடுத்தது. அந்தப் புள்ள மேல தப்பே இல்ல. நம்ம மேலதான் தப்பு."

துஷ்யந்தி பேனாவை நிறுத்தினார். "சாமானின்ர திகதியை எழுத எங்களிட்டப் படிவம் இருக்கோ?"

"இல்லைங்க."

"அப்ப அதை நான் எங்க பதியிறது?"

பணிப்பாளர் கோபப்படவில்லை. அன்பாகவே பேசினார். "புஷ்பராஜ், நீர் நல்ல மனுஷன். ஆனா இந்த நிறுவனம் எதுக்கெண்டு உமக்கு இன்னும் விளங்கேல்லை. அந்தப் பிள்ளை கேட்கிறது சாமானின்ர வயசை. சாமான் வெளிநாட்டுக்காரன்ர. அதுக்கு அவன்தான் பொறுப்பு. நாங்கள் திகதிக்குப் பொறுப்பு. பதினாலாம் திகதி எங்கட பலகையில என்ன திகதி இருந்தது?"

"பதினாலு."

"அண்டைக்கு உண்மையில என்ன திகதி?"

"பதினாலு."

"பிறகென்ன பிழை? உலகத்தில இதைவிடத் துல்லியம் உண்டோ?"

கூட்டக் குறிப்பில் துஷ்யந்தி இப்படி எழுதினார்: "தொழில்நுட்ப உதவியாளர் (திகதி) ஒக்டோபர் மாதத்தை நினைவுகூர்ந்தார். குழு அதைக் கேட்டறிந்தது."

பதில் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியது திகதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். புஷ்பராஜ் பணிப்பாளரின் மேசைக்கு முன்னால் நின்றான். அவர் இரண்டு தாளை எடுத்து அருகருகே வைத்தார். ஒன்று யதுஷாவுக்கான பதில். மற்றது புஷ்பராஜின் நிரந்தர நியமனத்துக்கான சிபாரிசு. ஏழு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறவன். ஒவ்வொரு டிசம்பரும் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று சுபாஷினி கேட்பாள், அவன் தெரியாது என்பான்.

"ரெண்டையும் இண்டைக்கே முடிச்சுவிடுவம்" என்றார் பணிப்பாளர். மிரட்டவே இல்லை. மிரட்டியிருந்தால் கூட மனதுக்கு ஒரு சாட்டு இருந்திருக்கும். புஷ்பராஜ் குனிந்து கையெழுத்து வைத்தான். எழுத்துக் கூட நடுங்கவில்லை, வெட்கங்கெட்ட கை.

"கையோட கொண்டுபோய்க் குடுத்திட்டு, கிடைச்சதெண்டு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாரும்."

கந்தோர் இருந்தது ஹெவ்லொக் டவுனில். அங்கிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் ஏறினால் கண் மூடித் திறக்கும் தூரம். புஷ்பராஜ் நடந்தான். வழியில் இளநீர் குடித்தான், தேவையே இல்லாமல் ஒரு குடையை விலை கேட்டான். போய் நேராக உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். கடிதத்தைக் கொடுக்கும் முன்னமே சொல்லிவிட வேண்டும். இதை நினைத்ததும் நடை கூடக் கொஞ்சம் நிமிர்ந்தது.

கடை சின்னது. ஒரு போட்டோக்கொப்பி மெசின், சுவரோரமாகத் திறந்து கிடக்கும் கொம்பியூட்டர்கள், மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி. அவன் அதிகாரசபை என்று சொல்லி முடிப்பதற்குள் குரலை வைத்தே அடையாளம் கண்டுவிட்டாள்.

"புஷ்பராஜ் அண்ணாவோ! இருங்கோ, இருங்கோ. நீங்களே கொண்டு வந்தனீங்களோ? அஞ்சு மணிக்கு ஜெயகுமார் சேர் வாறார், சரியான நேரத்துக்கு வந்திட்டீங்கள்." முகமெல்லாம் சந்தோஷம். கடிதத்தை அவன் கையிலிருந்து அவளே வாங்கிவிட்டாள். நின்றபடியே வாசித்தாள்.

"மேற்படி தினத்தில் எமது பிரதியானது மேற்படி தினம்வரை இற்றைப்படுத்தப்பட்டிருந்தமை பதிவேட்டின் பிரகாரம் இத்தால் உறுதிப்படுத்தப்படுகின்றது. பயனாளரின் தவறுகளுக்கு அதிகாரசபை பொறுப்பேற்காது."

இரண்டாம் தரமும் வாசித்தாள். கீழே கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

"நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள் எண்டால் சரியாத்தான் இருக்கும்" என்றாள் மெதுவாக. "அப்ப நான்தான் எங்கயோ பிழை விட்டிருக்கிறன். பன்னிரண்டையும் ரெண்டு ரெண்டு தரம் பாத்தனான், எண்டாலும் எங்கயோ விட்டிருக்கிறன். உங்களையும் வீணா அலைய வைச்சிட்டன், குறை நினையாதேங்கோ அண்ணா."

அவனுக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. வேறு யாராவது காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பான்.

"தங்கச்சி, உங்க மேல தப்பில்ல" என்றான். "அந்தத் திகதி பொய். சாமான் ஒக்டோபர்லயே நின்னு போச்சு. திகதிய நான்தான் தட்டுறேன், கையால. தெனமும்."

யதுஷா அவனையே பார்த்தாள்.

"நான் போன் எடுத்த அண்டைக்கும் உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

அவள் கையிலிருந்த கடிதத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு, ஆச்சரியம், அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கடிதத்தை மேசையில் விரித்து அவன் பக்கம் தள்ளினாள். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"அப்ப அதை இதுக்குக் கீழ எழுதித் தாங்கோ அண்ணா. ஒரு வரி காணும். சாமான் ஒக்டோபரில எடுத்தது எண்டு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம், சண்டைக்கும் வரமாட்டன். ஜெயகுமார் சேருக்குக் காட்டினாப் போதும்."

புஷ்பராஜ் பேனாவை வாங்கினான். தாளுக்கு மேலே கொண்டுபோனான். கையெழுத்துக்குக் கீழே நாலு விரற்கடை வெற்றிடம் இருந்தது, ஒரு வரி என்ன, ஐந்து வரி எழுதலாம். அப்போது அவன் வாய் பேசத் தொடங்கியது.

"எழுத்துல குடுக்குறதுன்னா அதுக்கு மேலிடத்து அனுமதி எடுக்கணும் தங்கச்சி. நீங்க ஒரு புது விண்ணப்பம் குடுத்தீங்கன்னா, நான் சிபாரிசு பண்ணி முன்னுக்கு அனுப்பி வைக்கிறேன். பதினாலு வேலை நாளைக்குள்ள பதில் வரும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கேட்டது. அது பணிப்பாளரின் குரல் இல்லை, துஷ்யந்தியின் குரலும் இல்லை. சுத்தமாக அவனுடைய குரல்தான்.

"விளங்குது" என்றாள் யதுஷா. பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடிதம் கிடைத்ததற்கான துண்டில், அவன் கேட்காமலே, கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். பிறகு போட்டோக்கொப்பித் தாள் வந்த பெட்டியிலிருந்து ஒரு மட்டையைக் கிழித்து, தடித்த பேனாவால் எழுதினாள். "கொம்பியூட்டர் திருத்தம் இனி இல்லை. போட்டோக்கொப்பி, டைப்பிங் மட்டும்."

கதிரையில் ஏறி அதைக் கண்ணாடிக் கதவில் வைத்து, வாயால் டேப்பைக் கிழித்தாள். புஷ்பராஜ் போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் நின்றான்.

"வெளிய போய் நிண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள் திரும்பாமல். "நேரா இருக்கோ?"

புஷ்பராஜ் ஒழுங்கையில் இறங்கி நின்று பார்த்தான். முச்சக்கர வண்டி ஒன்று ஹோர்ன் அடித்து அவனைச் சுற்றிக்கொண்டு போனது. அவன் கவனமாக, நிதானமாகப் பார்த்தான்.

"எடப்பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றான்.

அவள் இடப்பக்கத்தை உயர்த்தினாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இப்ப சரி" என்றான். மெய்யாகவே சரியாக இருந்தது. வெட்கத்தில் அவன் காது இரண்டும் எரிந்தன.